நெறிமுறைக் குழுவில் அறவியலாளருக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில், மனிதர்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சிகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவுக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை உறுப்பினராக அழைத்திருக்கிறார்கள். சைவ சித்தாந்தம் முறையாகப் படித்தவர். அவர் கேட்கிறார்: “டாக்டருக்கு அறிவியல் தெரியும். வக்கீலுக்குச் சட்டம் தெரியும். சாமியார், பாதிரியார், ஹஜ்ரத் எல்லாருக்கும் அவரவர் மார்க்கம் தெரியும். இவர்களுக்கு நடுவில் அறவியலாளர் என்று ஒருத்தர் எதற்கு? கூடங்குளம் மாதிரி பெரிய சண்டைகளில் இப்படிப்பட்ட ஆளால் ஏதாவது நடக்குமா?”

அண்ணாச்சி, முதலில் உங்கள் நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கூடங்குளத்துக்குப் பிறகு வருவோம். அந்த நாற்காலியை யாரும் மரியாதைக்காகப் போடவில்லை. புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள், 2019 சொல்வது இது: குழுவில் குறைந்தது 7 பேர் வேண்டும், அதில் பாதிப்பேர் அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும், தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும், குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். ஒரு மருந்துப் பரிசோதனையைப் பற்றி முடிவெடுக்கக் கூட்டத்தில் 5 வகையினர் உட்கார்ந்திருக்க வேண்டும். மருத்துவ விஞ்ஞானி ஒருவர், நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், சமூகவியல், அறவியல், இறையியல், தத்துவம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தவர் ஒருவர், பொதுமக்களில் ஒருவர். நான்காவது இடம் உங்களுடையது. நீங்கள் வராமல், உங்கள் வகையில் வேறு ஆளும் இல்லாமல் எடுத்த முடிவு செல்லாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் ஏறக்குறைய இதே அமைப்பைத்தான் சொல்கின்றன. உறுப்பினர் எண்ணிக்கை 7 முதல் 15 வரை.

மற்ற நால்வருக்கும் என்ன வேலை என்பது தெளிவு. உங்கள் வேலை, வந்திருக்கும் விவகாரத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மூன்று விதமான கேள்விகளைப் பிரித்து மேசையில் வைப்பது. அளந்தோ சோதித்தோ பதில் காணக்கூடியது ஒரு விதம். எதைவிட எது பெரிது, இதன் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பது இன்னொரு விதம். முடிவெடுக்கும் உரிமை யாருடையது என்பது மூன்றாவது. அறிவியலுக்கும் மதத்துக்கும் சண்டை என்று நாம் சொல்லும் பலவற்றில், விஞ்ஞானி முதல் விதத்துக்குப் பதில் சொல்லிவிட்டு மூன்றும் முடிந்ததாக எழுந்துவிடுகிறார். மதத் தலைவர் இரண்டாவதற்குக் கையில் பதில் இருக்கிற தைரியத்தில் முதலாவதை மறுக்கப் போகிறார். மூன்றாவதை யாரும் வாய்விட்டுக் கேட்பதே இல்லை. அதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒப்புதல் படிவமே போதும். உங்கள் கைக்கு நூறு பக்கத்துக்கு மேல் ஆய்வுத் திட்டம் வரும். அதை மருந்தியல் படித்தவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் முதலில் எடுக்க வேண்டியது தமிழில் உள்ள தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும்தான். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். “சீரற்றமயமாக்கப்பட்ட இருமறை ஆய்வு” என்று எழுதியிருப்பார்கள். களக்காட்டிலிருந்து வாழை வெட்டும் வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவருக்கு அதில் ஒரு சொல்லும் ஏறாது. “இரண்டு மருந்தில் எது உங்களுக்கு வரும் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். எது வந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது” என்று எழுதச் சொல்லுங்கள். மாற்றி எழுதிய தாளைக் குழுவில் உள்ள பொதுமக்கள் பிரதிநிதியிடம் கொடுத்து, வாசித்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறுகிற இடத்தில் தாள் இன்னும் சரியாகவில்லை.

அடுத்த கோளாறு இதைவிட ஆழமானது. ஆராய்ச்சியில் சேருகிற பலர், டாக்டர் தனக்கு எது நல்லதோ அதைத்தான் செய்கிறார் என்று நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆராய்ச்சி வருங்கால நோயாளிகளுக்காக நடப்பது. இவருக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதைத் தாளின் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும். சேர மறுத்தாலும், இடையில் விலகினாலும், வழக்கமான சிகிச்சை நிற்காது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். நம் ஊரில் டாக்டரிடம் முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் நிறைய. அதனால் ஒப்புதல் கேட்பவர் சிகிச்சை செய்யும் டாக்டராக இல்லாமல் வேறு ஆளாக இருந்தால் நல்லது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், கேட்டுவிட்டு வர ஒருநாளாவது அவகாசம் வேண்டும் என்று நீங்கள் வலியுறுத்தலாம்.

பணம் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். மேலப்பாளையத்திலோ முக்கூடலிலோ பீடி சுற்றும் ஒரு பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆய்வுக்காக ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. பஸ் செலவை மட்டும் கொடுத்து அவரை வரச் சொல்வது, ஆராய்ச்சியின் செலவை அவர் தலையில் கட்டுவது. அதற்காகப் பத்து நாள் கூலியை ஒரே நாளில் கொடுத்தால், அபாயத்தை யோசிக்காமலே தலையாட்டிவிடுவார். பயணச் செலவு, அன்றைய கூலி, சாப்பாடு ஆகியவற்றுக்கு ஈடு செய்யுங்கள். அதற்கு மேலே போனால் ஏன் என்று கேளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் கூடவே இருந்து முழுவதையும் கேட்டுக் கையெழுத்திட வேண்டும். பிறகு யாரையாவது கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் உண்டு. சாட்சியின் கையெழுத்துக்கு அருகில் தேதியும் நேரமும் இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். எளிதில் பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்கள் ஒரு புத்தம்புது மூலக்கூற்றின் பரிசோதனையில் சேர்ந்தால், ஒப்புதல் பெறுவதை ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும். சிறுபிள்ளைகள் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு முடியாது. 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும், 12 முதல் 18 வரை எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

ஊர் விஷயம் ஒன்று உண்டு, இதில்தான் நல்லவர்களும் வழுக்குவார்கள். ஒரு கிராமத்தில் ஆய்வு செய்யப் போகிறவர்கள் ஊர்ப் பெரியவர், ஜமாத் தலைவர், பங்குச் சாமியார் என்று யாரிடமாவது அனுமதி கேட்பார்கள். கேட்பது மரியாதை, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அவர் சரி என்று சொன்னது யாருடைய உடம்புக்கும் ஒப்புதல் ஆகாது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் போட்டு ஒரு செயல்முறை ஆய்வு நடந்தது. பழங்குடிச் சிறுமிகள் பலருக்காக விடுதிக் காப்பாளர்கள் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது, 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி பல நாடுகளில் அனுமதி பெற்றது. அறிவியலில் நியாயம் இருந்தும், முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியை விட்டுவிட்டதால் இந்தியாவில் அந்தத் தடுப்பூசியின் பெயரே நீண்ட காலம் கெட்டுப்போய்க் கிடந்தது. அதனால் நட்டப்பட்டதும் பெண்பிள்ளைகள்தான்.

மதம் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். பெரிய தத்துவமாக வருவதற்கு முன்னால் மாத்திரை நேரமாக வரும். ஒரு நாளைக்கு மூன்று வேளை மாத்திரை என்று திட்டத்தில் இருக்கும். ஆய்வு நடக்கிற ஆறு மாதத்துக்குள் ரமலான் வருகிறதா? திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருப்பவர்கள் சேருவார்களா? சர்க்கரை நோய் மருந்தாக இருந்தால் இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. விரதத்தை மறைத்து மாத்திரையைத் தவறவிடுவார்கள். ஆய்வின் கணக்கும் பிசகும், ஆளுக்கும் ஆபத்து. “விரதம் இருப்பீர்களா?” என்ற ஒரு வரியைச் சேர்க்கை விண்ணப்பத்தில் சேர்த்தால் தீருகிற விஷயம் இது. அதைக் கேட்க வேண்டும் என்று மருந்தியல் பேராசிரியருக்குத் தோன்றாமல் போகலாம். அதேபோல, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. கேப்ஸ்யூல் கூடு மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினாக இருக்கலாம். செடிப்பொருளில் செய்த கூடும் சந்தையில் இருக்கிறது. தகவல் தாளில் இதைச் சொல்லிவிட வேண்டும். ஏற்பதா வேண்டாமா என்பதை அவர் தன் ஹஜ்ரத்திடமோ குருவிடமோ கேட்டுக்கொள்வார். உயிர் காக்கும் அவசியத்துக்கு விலக்கு உண்டு என்று சொல்லும் மார்க்க அறிஞர்கள் இருக்கிறார்கள். அந்த விலக்கை அவருக்காக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, பிள்ளை பெறும் வயதுப் பெண்களைச் சேர்க்கும் மருந்துப் பரிசோதனைகளில் கர்ப்பப் பரிசோதனையும் கருத்தடை உறுதிமொழியும் கேட்பது வழக்கம். கருவுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதுதான் காரணம், நியாயமான காரணம். ஆனால் கல்யாணமாகாத 19 வயதுப் பெண்ணிடம் அம்மாவை வைத்துக்கொண்டு அதைக் கேட்டால் என்ன ஆகும்? பரிசோதனை முடிவு யார் கையில் கொடுக்கப்படும்? செயற்கைக் கருத்தடையை ஏற்காத கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் அந்த உறுதிமொழியில் கையெழுத்திட முடியுமா, அவருக்கு வேறு வழி வைத்திருக்கிறார்களா? தனியறையில் கேட்பது, முடிவை அவரிடம் மட்டும் சொல்வது, கருத்தடை முறையை அவரே தேர்ந்தெடுக்க விடுவது என்று மூன்று வரியும் செயல்முறையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாயால் “பாத்துக்கிடுதோம்” என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கிறது. ஆகவே சித்த மருந்து ஆய்வுகளும் உங்கள் பகுதியில் நடக்கும். இங்கே அறிவியலும் பக்தியும் ஒரே புட்டிக்குள் இருக்கின்றன. அகத்தியர் பெயரைச் சொன்னதும் கேள்வி கேட்பதே அபசாரம் என்று ஒரு கட்சி, பாதரசம் சேர்ந்த மருந்து என்றதும் அத்தனையும் விஷம் என்று ஒரு கட்சி. செந்தூரம், பற்பம் என்ற சித்த மருந்துப் பொடிகளில் உலோகம் எந்த வடிவில், எந்த அளவில் இருக்கிறது, சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்பது முதல் விதக் கேள்வி. சோதனைச்சாலையில்தான் பதில். அகத்தியர் மேல் உள்ள பக்தி அதற்குப் பதிலும் ஆகாது, அதற்குத் தடையும் ஆகாது. அலோபதி ஆய்வில் சேரும் நோயாளி நாட்டு மருந்தும் சாப்பிடுவதை மறைப்பார், டாக்டர் திட்டுவார் என்ற பயம். திட்டமாட்டோம் என்று தகவல் தாளிலேயே எழுதி, சாப்பிடும் எல்லா மருந்தையும் சொல்லச் சொல்வது இரண்டு மருத்துவத்துக்கும் நல்லது.

இனி, மரணம். மதமும் மருத்துவமும் நேருக்கு நேர் நிற்கும் இடம். நாற்கரச் சாலையில் அடிபட்ட பையனை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ தனியார் மருத்துவமனைக்கோ கொண்டுவருகிறார்கள். தலைக்காயம். நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது, டாக்டர் மூளைச்சாவு என்கிறார். 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு இதைச் சான்றளிக்க வேண்டும்: மருத்துவமனைப் பொறுப்பு மருத்துவர், அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள சிறப்பு மருத்துவர், நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பியல் அறுவை மருத்துவர் (இவர்கள் கிடைக்காதபோது மயக்க மருந்தியல், தீவிர சிகிச்சை நிபுணர் போன்றவர்), சிகிச்சை தரும் மருத்துவர். கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமைக்கிறதா, காதில் குளிர்நீர் விட்டால் கண் அசைகிறதா, தொண்டையில் குழாய் பட்டால் இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக மூச்சுச் சோதனை. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே வென்டிலேட்டரைப் பிரித்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 60 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டியும் தானாக ஒரு மூச்சு வருகிறதா என்று பார்ப்பார்கள். குறைந்தது 6 மணி நேரம் கழித்து இவை எல்லாவற்றையும் மறுபடியும் செய்ய வேண்டும். சான்றளிக்கும் மருத்துவர்கள் உறுப்பு மாற்று அணியில் இருக்கக் கூடாது.

இதில் எது அறிவியல், எது தீர்ப்பு? மூளைத்தண்டு மீளாமல் செயலிழந்துவிட்டதா என்பது அறிவியல். மூளைத்தண்டு போனால் ஆள் போனதாகக் கொள்ளலாமா என்பது மனிதர்கள் கூடி எடுத்த தீர்ப்பு. மூளைச்சாவுக்கு அளவுகோல் வகுத்த 1968ஆம் ஆண்டு ஹார்வர்டு குழுவில் மருத்துவர்களோடு ஒரு சட்டப் பேராசிரியரும் ஓர் இறையியலாளரும் ஒரு வரலாற்று அறிஞரும் இருந்தார்கள் என்பதை இதற்காகத்தான் சொல்கிறேன். அதற்கும் முன்பே, 1957இல், போப் பன்னிரண்டாம் பயஸ் மயக்க மருத்துவர்கள் முன் பேசும்போது, மரணத்தின் கணத்தை வரையறுப்பது மருத்துவரின் வேலை என்று சொன்னார். மதத் தலைவர் ஒருவர் முதல் விதக் கேள்வியை அறிவியலிடம் விட்டுக்கொடுத்த அருமையான இடம் அது. 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி மூளைச்சாவை மரணமாக ஏற்றது. அதை ஏற்காத உலமாக்களும் இருக்கிறார்கள், இன்றும். எனவே “இஸ்லாம் ஏற்கிறது”, “இந்து மதம் ஏற்கிறது” என்று ஒருவரியில் சொல்லும் துண்டுப் பிரசுரத்தை நம்பாதீர்கள். ஒரு மதத்துக்கு ஒரே வாய் இருப்பதாக நடந்துகொள்வது, அறவியலாளர்கள் செய்யும் பிழைகளிலேயே அதிகம் பார்க்கக்கூடியது.

குடும்பத்திடம் பேசும்போது நடக்கும் பெரிய தவறு ஒரு வாக்கியத்தில் இருக்கிறது: “உயிர் இருக்கு, மூளை மட்டும்தான் போச்சு.” இதைக் கேட்ட தகப்பனார் பிள்ளையின் உறுப்பைக் கேட்டால் என்ன நினைப்பார்? உயிரோடு அறுக்கப் போகிறார்கள் என்றுதான். இறந்துவிட்டார் என்ற செய்தியை ஒருவர் முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது மனதில் இறங்க நேரம் கொடுத்து, பிறகு பயிற்சி பெற்ற வேறொருவர், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர், தானத்தைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் ஒரே ஆள் சொல்லக் கூடாது. கண் கொடுத்த கண்ணப்ப நாயனாரையும் எலும்பு கொடுத்த ததீசியையும் மேற்கோள் காட்டுவது பிரசாரக் கூட்டத்தில் நன்றாக இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் தாயிடம் அதைச் சொன்னால், மறுத்தால் நாயனாருக்குக் குறைந்தவள் என்று சொல்வதாக ஆகிவிடும். 2023 செப்டம்பரில் உறுப்புக் கொடையாளர்களுக்கு அரசு மரியாதை என்று தமிழக அரசு அறிவித்தது, நான் அதை மனதார வரவேற்கிறேன். கொடுத்தவருக்குப் பெருமை சேரட்டும். கொடுக்காத குடும்பத்தை யாரும் ஏளனமாகப் பார்க்காமல் காப்பதும் நெறிமுறைக்காரர்களின் கடமை.

முதியவர்களின் கடைசி நாட்கள் பற்றியும் கேள்வி வரும். இங்கே தென்மாவட்டங்களில் மூன்று வேறு விஷயங்களை ஒன்றாகப் பேசுவார்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தது போலவோ சமணர் சல்லேகனை போலவோ ஒருவர் தானே உணவை விடுவது ஒன்று. (சல்லேகனையை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் தடுத்தது, அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.) பயனில்லாத வென்டிலேட்டரை எடுப்பது இரண்டாவது. இதை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. முன்கூட்டிய விருப்ப ஆவணத்தை இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் எழுதிவைக்கலாம். மூன்றாவது தலைக்கூத்தல், படுக்கையில் கிடக்கும் முதியவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாகவிடும் வழக்கம். அங்கே படுத்திருப்பவரைத் தவிர எல்லாரும் முடிவெடுத்திருப்பார்கள். கருணை என்ற சொல் மூன்றுக்கும் பயன்படுகிறது, ஆனால் யார் முடிவெடுத்தார் என்று கேட்ட உடனே மூன்றும் தனித்தனியாகிவிடும். தலைக்கூத்தல் கொலை. அதில் எனக்குத் தயக்கமில்லை. அதே நேரம், வலிநிவாரண மருத்துவமும் பகல்நேரப் பராமரிப்பும் கிராமத்துக்கு எட்டாத வரை அதைச் சட்டத்தால் மட்டும் நிறுத்த முடியும் என்றும் நான் நம்பவில்லை.

கூடங்குளத்துக்கு வருவோம். அங்கே அணுமின் நிலையம் கட்ட 1988இல் ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள், 2002இல் கட்டுமானம் தொடங்கியது. 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுக்குஷிமா அணுஉலை விபத்து. அதே ஆண்டு ஆகஸ்டில் இடிந்தகரை லூர்து மாதா கோவில் முன் உலையை எதிர்த்துப் போராட்டப் பந்தல் எழும்பியது. மத்திய அரசு முத்துநாயகம் தலைமையில் 15 பேர் நிபுணர் குழுவை அனுப்பியது. நவம்பரில் அப்துல் கலாம் வந்து பார்த்துப் பாதுகாப்பானது என்றார். சுற்று வட்டார வளர்ச்சிக்கான பத்து அம்சத் திட்டத்துக்கு 200 கோடி ரூபாய் என்றும் சொன்னார். 2012 மார்ச்சில் மாநில அரசு 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டம் அறிவித்தது. செப்டம்பரில் மணப்பாட்டில் போலீஸ் சுட்டதில் மீனவர் ஒருவர் இறந்தார். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டுதல்களோடு உலையை அனுமதித்தது.

ஒரு பக்கம் அறிவியல், ஒரு பக்கம் கோவில் என்று இதைப் பத்திரிகைகள் எழுதின. பந்தல் கோவில் முன் இருந்ததால் அப்படித் தோன்றியது. ஆனால் மீனவர்கள் கேட்டதைப் பிரித்துப் பாருங்கள். கடலில் விடும் வெந்நீர் மீனை விரட்டுமா? இது அளக்கக்கூடியது. கடல்நீரைவிட 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறது, அளந்து ஊர்ப் பலகையில் எழுதிப்போடலாம். நிபுணர் குழு இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் எழுதியது, அது அவர்களுடைய சரியான வேலை. ஆனால், மின்சாரம் மாநிலம் முழுவதும் போக, 16 கிலோமீட்டர் அவசரகால வளையத்துக்குள் வாழும் பாரம் ஏன் எங்களுக்கு மட்டும்? எரிந்து முடிந்த எரிபொருளில் உள்ள புளூட்டோனியம் 239 பாதியாகக் குறையவே சுமார் 24,000 ஆண்டு ஆகும். பேரப்பிள்ளைகள் சார்பில் அதற்குச் சம்மதம் சொல்ல யாருக்கு உரிமை? இவை பொறியியல் கேள்விகளே இல்லை. பாதுகாப்பானது என்ற பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் இவற்றைத் தொடுவதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் வேறு கேள்விக்குப் பதில் வந்தால், மக்கள் அந்தப் பதிலையும் சேர்த்து நம்பாமல் போகிறார்கள். 500 கோடி ரூபாயும் அப்படித்தான் ஆனது. பாரத்துக்கு ஈடு என்று பேசி முடித்த பிறகு கொடுத்திருந்தால் நீதி. பேசாமல் கொடுத்ததால் வாயடைக்கக் கொடுத்த பணமாகக் கரையில் பார்க்கப்பட்டது.

அதே 2011இல் ஜெர்மனி வேறு மாதிரி செய்தது. பாதுகாப்பை ஆராய ஏற்கெனவே தொழில்நுட்ப ஆணையம் இருக்க, அதற்குப் பக்கத்தில் 17 பேர் கொண்ட அற ஆணையம் ஒன்றை அமைத்தார் அன்றைய சான்சலர் ஏஞ்சலா மெர்க்கல். கர்தினால், புராட்டஸ்டண்ட் பிஷப், தத்துவப் பேராசிரியர், சமூகவியலாளர், வேதியியல் நிறுவனத் தலைவர், தொழிற்சங்கத் தலைவர் எல்லாரும் அதில் இருந்தார்கள். ஏப்ரல் 4இல் தொடங்கி மே இறுதிக்குள் அறிக்கை கொடுத்தார்கள், பத்தாண்டுக்குள் அணுமின்சாரத்தை விடலாம் என்றார்கள். கடைசி உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று நின்றன. அந்த முடிவு சரியா என்று அங்கே இன்றும் சண்டை போடுகிறார்கள், நாம் அதைப் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த அபாயத்தை ஏற்கலாம் என்ற கேள்விக்குத் தனியாக ஒரு மேசை போட்டார்கள், மதத் தலைவர்களுக்கும் அதில் நாற்காலி இருந்தது. ராதாபுரம் தாலுகாவில் அப்படி ஒரு மேசை போடப்படவில்லை. எரிந்த எரிபொருளை வளாகத்துக்குள் சேமிக்கும் கிடங்குக்காக 2019இல் அறிவித்த கருத்துக் கேட்புக் கூட்டமும் தள்ளிப்போனது.

அற ஆணையம் என்றால் எல்லாரும் ஒத்துப்போக வேண்டும் என்றில்லை. பிரிட்டனில் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்த பிறகு, 1982இல் மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அதில் இறையியல் பேராசிரியரும் இருந்தார். கருமுட்டையும் விந்தும் சேர்ந்ததிலிருந்து 14 நாளுக்கு மேல் கருவை ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது என்று 1984இல் கோடு போட்டார்கள், 1990இல் சட்டமானது. சுமார் 15ஆம் நாளில் கருவில் முதுகுக்கோடு தோன்றுகிறது என்பது உயிரியல். அதற்கு முன்னால் கோட்டைப் போடுவோம் என்பது தேர்வு. உயிரியல் தானாகக் கோடு போடவில்லை என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஒத்துக்கொள்ளாத உறுப்பினர்களின் மறுப்புக் குறிப்புகள் மூன்று, அறிக்கையின் பின்னாலேயே அச்சாகி இருக்கின்றன. இந்த ஒரு பழக்கத்தை நீங்கள் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தாலே பெரிய காரியம்: உங்கள் மறுப்பும் அதன் காரணமும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். “விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது” என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மலைப்பக்கம் ஒரு பாடம் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். அகத்தியமலையில் காணி மக்கள் களைப்பு தீரச் சாப்பிடும் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையைப் பற்றி 1987இல் கேரளப் பக்கத்தில் விஞ்ஞானிகள் அவர்களிடமிருந்தே தெரிந்துகொண்டார்கள். பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் 10 லட்ச ரூபாய்க்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஒத்துக்கொண்டு, 1997இல் அறக்கட்டளை பதிவானது. உலகம் முழுவதும் இதைப் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் காணிகளின் மருத்துவர்களான பிலாத்திகளில் சிலர், இது விற்கிற அறிவு இல்லை என்று எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் இருந்தது பங்கு எவ்வளவு என்ற கேள்வி இல்லை, சொல்ல உரிமை யாருக்கு என்ற கேள்வி. அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கம் வாழும் காணிகளும் அதே மக்கள்தான். ஒரு அறிவின் சொந்தக்காரர்களை மாநில எல்லையால் எண்ண முடியுமா? அங்கே ஒரு அறவியலாளர் தொடக்கத்திலேயே இருந்திருந்தால், கையெழுத்துக்கு முன்னால் இந்தக் கேள்வி வந்திருக்கும்.

அறவியலாளரை யார் தேர்ந்தெடுத்தார்கள், அவர் சொல்வதை ஏன் கேட்க வேண்டும் என்பார்கள். நியாயமான ஆட்சேபம். அவருக்கு ஓட்டும் இல்லை, வேதமும் இல்லை, சோதனைச்சாலையும் இல்லை. காரணம் சொல்லும் கடமை மட்டும் இருக்கிறது. “என் மனசாட்சிக்குச் சரியாகப் படவில்லை” என்று நிறுத்தினால் அவருடைய பேச்சுக்கு எடை கிடையாது. யாருக்கு, என்ன கேடு, எதனால், என்ன மாற்றினால் சரியாகும் என்ற நான்கையும், மாற்று மதத்தவரும் மதமே இல்லாதவரும் எடைபோட்டுப் பார்க்கும்படி சொல்ல வேண்டும். நீங்கள் சித்தாந்தத்திலிருந்து பெற்றதை வைத்துக் கேள்வி கேளுங்கள், பதிலைச் சித்தாந்தம் தெரியாதவருக்கும் விளங்கும்படி எழுதுங்கள். ஆய்வை நடத்துபவரோ பணம் கொடுக்கும் நிறுவனமோ உங்களுக்கு உறவு, நட்பு, கடன் என்றால் முதலிலேயே சொல்லி, அந்தத் திட்டம் வரும்போது அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஒப்புதல் கொடுத்ததோடு வேலை முடியாது. பரிசோதனையில் சேர்ந்தவருக்குக் கடும் பாதிப்போ மரணமோ நேர்ந்தால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் உங்கள் குழுவுக்குச் சொல்ல வேண்டும். 14 நாளுக்குள் காரண ஆய்வு வர வேண்டும். மரணம் என்றால் இழப்பீடு பற்றிய கருத்தோடு 30 நாளுக்குள் குழு தன் அறிக்கையை மத்திய உரிம அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இழப்பீட்டுக் கணக்கின் அடிப்படைத் தொகை 8 லட்ச ரூபாய், வயதையும் நோயின் தீவிரத்தையும் பொறுத்துக் கூடும் குறையும். இறந்தவரின் வீட்டாருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாமல் போவது உண்டு. வீட்டாருக்கு யார், எந்தத் தேதியில், தமிழில் சொன்னார்கள் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

முதல் கூட்டத்துக்கு முன் உறுப்பினர் செயலரிடம் மூன்று தாள் கேட்டு வாங்குங்கள்: குழுவின் செயல்முறை விதிகள், பதிவுச் சான்று, கடந்த ஓராண்டின் கூட்டக் குறிப்புகள். பதிவுக்கு 5 ஆண்டுதான் ஆயுள், தேதியைப் பாருங்கள். குறிப்புகளில் எத்தனை திட்டங்களைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று எண்ணுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால், முதல் கூட்டத்திலேயே ஏன் என்று கேட்டுவிடுங்கள்.